திருநர் உரிமை: பதக்க மேடையும் பள்ளி மைதானமும்

2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 விநாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார் சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த தலித் பெற்றோருக்குப் பிறந்தவர். தமிழ்நாடு பெருமிதத்தோடு அவரைக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம் சில நாள்கூட நீடிக்கவில்லை. பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று செய்தி பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. ஒருவருடைய உடலைப் பற்றிய மிக அந்தரங்கமான மருத்துவத் தகவல், அவருக்கே முறையாக விளக்கப்படுவதற்கு முன்பு, தொலைக்காட்சித் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். அவர் தற்கொலைக்கு முயன்றார், மீண்டார், தம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார், ஒரு கட்டத்தில் பிழைப்புக்காகத் தாமும் செங்கல் சூளைக்கே திரும்பினார், பின்னர் பயிற்றுநர் பட்டயப் படிப்பை முடித்து, நீண்ட போராட்டத்துக்குப் பின் தமிழக அரசின் பயிற்றுநரானார். பறிக்கப்பட்ட பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

திருநர்களின் உரிமை பற்றியும் அவர்கள் விளையாட்டில் பங்கேற்பது பற்றியும் எழுதத் தொடங்கிய நான், சாந்தியின் கதையை ஏன் முதலில் சொல்கிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏனெனில், சாந்தி திருநங்கை அல்லர். பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாகவே வாழ்கிறார். இருந்தும், இந்த விவாதத்தில் முதலில் அடிபடுவது யார் என்பதை அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

சொற்களைப் பிரித்தறிவோம்

பொதுவெளியில் நாம் கலந்து குழப்பும் இரண்டு நிலைகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறப்பின்போது ஆண் என்று குறிக்கப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பிறப்பின்போது பெண் என்று குறிக்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. இருவரையும் உள்ளடக்கிய பொதுச்சொல் திருநர். இது ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பது பற்றியது.

ஊடுபால் என்பது வேறு. குரோமோசோம், இனப்பெருக்க உறுப்பு, சுரப்பு நீர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, ஆண் அல்லது பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் முழுமையாக அடங்காமல் பிறப்பது அது. உதாரணமாக, எக்ஸ்ஒய் குரோமோசோம்களோடு பிறந்தாலும், டெஸ்டோஸ்டிரோன் சுரப்புக்கு உடல் செவிசாய்க்காததால் பெண்ணுடலோடு வளர்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர், ஏதேனும் ஒரு பரிசோதனை சொல்லும்வரை தமக்கு அப்படியொரு வேறுபாடு இருப்பதையே அறிய மாட்டார்கள்.

‘திருநங்கைகள் பெண்கள் விளையாட்டுக்குள் நுழைகிறார்கள்’ என்ற அச்சத்தில் எழுப்பப்படும் வேலி, நடைமுறையில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பெண்கள் மீதுதான் சரிகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபை உலகமே ‘ஆண்’ என்றும் ‘திருநங்கை’ என்றும் தூற்றியதை நினைத்துப் பார்க்கலாம். அவர் பெண்ணாகப் பிறந்து பெண்ணாகப் பதிவுபெற்றவர், திருநங்கை அல்லர் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவே விளக்கிய பிறகும் அந்தத் தூற்றல் ஓயவில்லை.

சலுகை அல்ல, உரிமை

‘திருநர்களுக்கு ஏன் தனி உரிமை?’ என்று படித்தவர்களே கேட்பதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். தனி உரிமை எதையும் யாரும் கேட்கவில்லை. படிக்கவும், வேலை பார்க்கவும், வாடகைக்கு வீடு பெறவும், மருத்துவமனையில் அவமதிப்பின்றிச் சிகிச்சை பெறவும், அடிபடாமல் தெருவில் நடக்கவும் எல்லோருக்கும் இருக்கும் அதே உரிமை தங்களுக்கும் செல்லுபடியாக வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மனிதர் அனைவரும் கண்ணியத்திலும் உரிமையிலும் சமமாகவே பிறக்கின்றனர் என்று 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் கூறு சொல்கிறது. அதில் விதிவிலக்குப் பட்டியல் எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமையுண்டு. திருநங்கையர் நல வாரியத்தை நாட்டிலேயே முதலில் 2008 ஏப்ரலில் அமைத்த மாநிலம் இது. 2014 ஏப்ரல் 15இல், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி அமர்வு, ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிப்பது அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் சமத்துவம், கருத்துச் சுதந்திரம், கண்ணியமான வாழ்வு ஆகிய உரிமைகளின் பகுதியே என்றது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றும் தெளிவுபடுத்தியது.

அந்தத் தீர்ப்பு வெறும் காகிதமாக நின்றுவிடவில்லை. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம், படிவத்தில் அவருக்கான இடமே இல்லை என்பதால் முதலில் நிராகரிக்கப்பட்டது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு வழிதிறந்தது. 2017இல் அவர் பணியில் சேர்ந்தார். 2019இல் அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்ததோடு, ஊடுபால் தன்மையுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாத சூழலில் பாலினத்தை ‘சரிசெய்யும்’ அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் உத்தரவிட்டது. தமிழக அரசு அந்த ஆண்டே அதற்கான அரசாணையை வெளியிட்டது.

விளையாட்டைப் பொறுத்தவரை, அதிகம் பேசப்படாத ஒரு சட்டப் பிரிவு உண்டு. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் நிறைவேறியபோது அதன் குறைகள் குறித்துக் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன, நானும் விமர்சித்திருக்கிறேன். ஆனால், அதன் 13ஆவது பிரிவு முக்கியமானது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் திருநர்களுக்குப் பாகுபாடின்றிக் கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் பிறருக்குச் சமமாக வழங்க வேண்டும் என்கிறது அது. ‘விளையாட்டு’ என்ற சொல் அந்தச் சட்டத்தில் தவறி விழுந்த சொல் அல்ல. 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட சாசனமும் ஒலிம்பிக் சாசனமும் விளையாடுவதை மனித உரிமையாகவே குறிப்பிடுகின்றன.

எட்டாம் வகுப்பில் நின்ற ஓட்டம்

இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். நான் படித்தது சிற்றூர் ஒன்றிலிருந்த ஆண்கள் பள்ளி. எங்கள் வகுப்பின் தொடர் ஓட்ட அணியில் கடைசி ஓட்டம் ஓடியவர் என் வகுப்புத் தோழர். மூன்றாவதாக ஓடும் நான் கட்டையைக் கையில் கொடுத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அவர் நடையில் ஒரு நளினம் இருந்தது. அதை முதலில் கேலி செய்தவர்கள் மாணவர்கள். பிறகு, மைதானத்தில் எல்லோர் முன்னாலும் அவரைத் தனியே நிறுத்தி, ‘ஆம்பளை மாதிரி’ நடந்துகாட்டச் சொன்னவர் ஆசிரியர். அவர் நடந்தார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் விளையாட்டு வகுப்புக்கு வரவில்லை. ஆண்டு முடியுமுன் பள்ளிக்கே வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கருத்தரங்கின் முடிவில் என்னை அடையாளம் கண்டு பேசியவர் ஒரு திருநங்கை. ‘ரிலேயில் நீதானே எனக்குக் கட்டை கொடுப்பே, ஞாபகம் இருக்கா?’ என்றார். அந்த நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார்: ‘கடைசியா ஓடுனது எட்டாவதுலதான். அப்புறம் ஓடவே இல்ல.’

ஒலிம்பிக்கில் திருநங்கைகள் பதக்கங்களை அள்ளிவிடுவார்கள் என்று யாரேனும் கவலைப்படும்போது, எனக்கு அந்த எட்டாம் வகுப்பு மைதானம்தான் கண்முன் நிற்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ எனப் பதிவானவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 4.88 லட்சம் பேர்; தமிழ்நாட்டில் 22,364 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உலகச் சாதனை என்ற பிரச்சினையே எழுவதில்லை. குடும்பமும் பள்ளியும் கைவிடும் வயதிலேயே மைதானமும் அவர்களைக் கைவிட்டுவிடுகிறது.

எதிர்த்தரப்பின் நியாயம்

இப்படிச் சொல்வதால், உயர்மட்டப் போட்டிகளில் பெண்கள் பிரிவைப் பற்றி எழும் கேள்வியை வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆண்களுக்கான 800 மீட்டர் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்களுக்கான சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி. உலகின் தலைசிறந்த உடல்களுக்கு இடையேயான வித்தியாசம் பன்னிரண்டு விநாடிக்கும் மேல். பெரும்பாலான ஓட்டப் போட்டிகளில் இந்த இடைவெளி பத்து விழுக்காட்டுக்குக் குறைவதில்லை. பளுதூக்குதல், குத்துச்சண்டை போன்றவற்றில் இன்னும் அதிகம். பருவ வயதில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் உயரம், எலும்பு, தசை, இதயம், நுரையீரல் ஆகியவற்றில் செய்யும் மாற்றமே இதற்கு முதன்மைக் காரணம். பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இல்லாவிட்டால், பதக்க மேடையில் பெண்களைப் பார்ப்பதே அரிதாகிவிடும். அந்தப் பிரிவு பெண்கள் போராடிப் பெற்றது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் 1928இல் நடத்தப்பட்டு, அவர்கள் உடல் தாங்காது என்று சொல்லி நிறுத்தப்பட்டு, 1960இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

ஆண் பருவமடைதலைக் கடந்த ஒரு திருநங்கை, பின்னர் சுரப்பு நீர் சிகிச்சை எடுத்துக்கொண்டால் இந்த அனுகூலம் மறைந்துவிடுமா? பகுதியளவு மறைகிறது என்பதே ஆய்வுகள் தரும் நேர்மையான பதில். இரத்தத்தின் ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தசை வலிமை மெதுவாகவே குறைகிறது. ஓராண்டில் சுமார் ஐந்து விழுக்காடுதான். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய திருநர்களின் உடற்தகுதிப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எடுப்பதில் திருநங்கைகளுக்கும் பிற பெண்களுக்கும் வேறுபாடு இல்லை. ஓட்டத்தில் மட்டும் திருநங்கைகள் சுமார் 12 விழுக்காடு வேகமாக இருந்தனர். ஒரே உடலில், ஒரு திறனில் வேறுபாடு மறைகிறது, இன்னொன்றில் நீடிக்கிறது. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்டவையும் அல்ல.

ஆகவே, ‘எந்த அனுகூலமும் இல்லை’ என்பதும் மிகை. ‘எல்லா விளையாட்டிலும் வெல்லவே முடியாத அனுகூலம்’ என்பதும் மிகை. 2004இலிருந்து நிபந்தனைகளோடு ஒலிம்பிக்கின் கதவு திருநங்கைகளுக்குத் திறந்திருந்தது. தம்மைத் திருநங்கை என வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஒருவர் பெண்கள் தனிநபர் போட்டியில் இறங்கியது 17 ஆண்டுகளுக்குப் பிறகு டோக்கியோவில்தான். நியூசிலாந்தின் பளுதூக்கும் வீராங்கனை லாரல் ஹப்பர்ட், 43 வயதில் களமிறங்கி, முதல் சுற்றின் மூன்று முயற்சிகளிலும் தோற்று வெளியேறினார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் 2024 டிசம்பரில் அந்நாட்டு செனட் குழுவிடம் சொன்ன கணக்கும் கவனிக்கத்தக்கது: 5,10,000 வீரர்களில் தாம் அறிந்த திருநர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

சோதனைகளின் வரலாறு

உயர்மட்டத்தில் விதி தேவை என்றே வைத்துக்கொள்வோம். அந்த விதியை எப்படிச் செயல்படுத்துவது என்பதில்தான் மனித உரிமை மீண்டும் குறுக்கே வந்து நிற்கிறது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில், பெண்கள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நடக்கவைக்கப்பட்டார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதற்குப் பதிலாகக் குரோமோசோம் சோதனை வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில், பெண்போல் நடித்து ஏமாற்றிய ஆண் எவரும் அதில் சிக்கவில்லை. சிக்கியவர்கள், தம் உடலில் இருந்த வேறுபாட்டை அறியாத பெண்கள். ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பட்டினோ 1985இல் அப்படித்தான் விலக்கப்பட்டார். சோதனை முடிவு வெளியே கசிந்தது. பெயரும் உதவித்தொகையும் பறிபோயின. தம் உடல் டெஸ்டோஸ்டிரோனுக்குச் செவிசாய்ப்பதே இல்லை என்று அவர் நிறுவி, தகுதியை மீட்க மூன்றாண்டுகள் ஆயின. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் எட்டுப் பேர் ‘தேறவில்லை’. ஆராய்ந்து பார்த்து எட்டுப் பேருமே அனுமதிக்கப்பட்டார்கள். இந்தச் சோதனை பயனற்றது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பே அதைக் கைவிட்டது.

ஆனால், சந்தேகத்தின் பேரில் சோதிக்கும் வழக்கம் தொடர்ந்தது. அதில் அகப்பட்டவர்தான் சாந்தி. 2014இல் காமன்வெல்த் போட்டிக்கு முன்பாக ஒடிசாவைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்துப் பெண் டுட்டீ சந்த் விலக்கப்பட்டார். சாந்திக்குக் கிடைக்காத ஒன்று டுட்டீக்குக் கிடைத்தது: வழக்கறிஞர்களும் ஆதரவாளர்களும். விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கில், இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் எந்த அளவுக்கு அனுகூலம் தருகிறது என்பதைத் தடகளக் கூட்டமைப்பு நிறுவவில்லை என்று சொல்லி, அந்த விதி 2015 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. 2018 ஆசிய விளையாட்டில் டுட்டீ இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார்.

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு அந்த நீதி கிடைக்கவில்லை. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு 2018இல் புதிய விதி வந்தது. மருந்து எடுத்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது விலக வேண்டும். இந்த விதி பாகுபாடு காட்டுவதுதான், ஆனாலும் அவசியமானது என்று 2019இல் நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயில்லாத உடலுக்கு மருந்து கொடுத்து இந்த விதியைச் செயல்படுத்த உதவ வேண்டாம் என்று உலக மருத்துவச் சங்கம் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, செமன்யாவின் முறையீட்டை ஸ்விட்சர்லாந்து நீதிமன்றம் உரிய ஆழத்தோடு விசாரிக்கவில்லை, நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்பதை அது தீர்க்கவில்லை. ஆனால், விளையாட்டு அமைப்புகளும் தனிமனித உரிமைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை உணர்த்தியது.

சக்கரம் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறது. 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பு, ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகளைச் சர்வதேசப் பெண்கள் போட்டிகளிலிருந்து விலக்கியது. சர்வதேசத் தடகளத்தில் அப்போது திருநர் எவரும் போட்டியிடவில்லை என்பதையும் அதே அமைப்பே சொன்னது. 2025 செப்டம்பர் முதல், பெண்கள் பிரிவில் போட்டியிடும் அனைவரும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவுக்கான சோதனைக்கு ஒருமுறை உட்பட வேண்டும் என்றும் விதித்தது. அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த ஆய்வாளர் ஆண்ட்ரூ சின்க்ளேரே, இந்தச் சோதனை உடலின் பாலைத் தீர்மானிக்கப் போதுமானதல்ல என்று எழுதினார். அந்த மரபணு இருக்கிறது என்று சோதனை காட்டும். அது உடலில் செயல்பட்டதா என்பதைக் காட்டாது.

தசைக்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லாத இடத்திலும் வேலி போடப்பட்டது என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 2023 ஆகஸ்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, ஆராய்ந்து முடிவெடுக்கும்வரை, இரண்டு ஆண்டுகள்வரைகூட, திருநங்கைகள் பெண்கள் போட்டிகளில் பங்கேற்க முடியாது என்று அறிவித்தது. அறுபத்து நான்கு கட்டங்களுக்கு முன்னால் அமர்ந்து யோசிப்பதில் என்ன உடல் அனுகூலம்? வீட்டுக்கு வீடு சதுரங்கப் பலகை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நியாயமான போட்டி என்ற அக்கறை எங்கே முடிகிறது, விலக்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இது ஓர் எல்லைக்கல்.

அந்த எல்லை அரசியலில் எப்படி அழிகிறது என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 2025 பிப்ரவரியில் திருநங்கைகளைப் பெண்கள் விளையாட்டிலிருந்து விலக்கும் ஆணையில் அந்நாட்டு அதிபர் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய இரண்டே வாரங்களில் கடவுச்சீட்டு, ராணுவப் பணி, இளையோருக்கான மருத்துவம் ஆகியவற்றிலும் திருநர்களின் இடத்தைச் சுருக்கும் ஆணைகள் வந்திருந்தன. விளையாட்டைப் பற்றி ஐயம் கொண்ட ஒருவர், அந்த ஐயத்துக்காக ஒரு ராணுவ வீரரின் வேலையைப் பறிக்கச் சம்மதித்தாரா? அவரை யாரும் கேட்கவில்லை.

எங்கே கோடு போடுவது?

என் நிலைப்பாடு இது. ‘விளையாடும் உரிமை’, ‘உயர்மட்டப் பெண்கள் பிரிவில் போட்டியிடும் தகுதி’ ஆகிய இரண்டும் வேறுவேறு கேள்விகள். முதலாவது மனித உரிமை. அதில் பேரத்துக்கு இடமில்லை. இரண்டாவது ஒரு தகுதி விதி; எடைப் பிரிவு, வயதுப் பிரிவு போல அதற்கு விதி இருக்கலாம். ஆனால், அந்த விதி ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே, அந்த விளையாட்டுக்குரிய சான்றுகளோடு வகுக்கப்பட வேண்டும். புதிய சான்று வந்தால் மாற வேண்டும். எவருடைய மருத்துவ விவரமும் வெளியே கசியக் கூடாது. பாதிக்கப்பட்டவர் முறையிட, செலவுக்கு வழியோடு கூடிய ஒரு மன்றம் இருக்க வேண்டும். பெண்ணாகப் பிறந்து வளர்ந்தவர்களைத் தோற்றத்தை வைத்துச் சந்தேகிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சாந்தி ஓடிய நேரம், பெண்களின் உலகச் சாதனையைவிடப் பத்து விநாடிக்குச் சற்றே குறைவாகப் பின்தங்கியது. எந்த ‘ஆண் அனுகூலத்தை’ அது காட்டியது?

பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவிலான போட்டிகள் வேறு. அங்கே விளையாட்டின் நோக்கம் உடல்நலம், தோழமை, தன்னம்பிக்கை. 2022இல் கேரளத்தில் மாவட்ட ஜூடோ போட்டியில் பங்கேற்க விரும்பிய திருநங்கை ஒருவரின் வழக்கில், திருநர்களுக்குத் தனிப் பிரிவு இல்லாதபோது அவர் தேர்ந்தெடுத்த பிரிவில் பங்கேற்க விட வேண்டும் என்று அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. 2017இலேயே திருநர்களுக்கென மாநில அளவிலான தடகளப் போட்டியை நடத்திய மாநிலம் அது. நல வாரியத்தில் நாட்டுக்கே முன்னோடியான தமிழ்நாடு, மைதானத்திலும் முன்னோடியாக ஏன் கூடாது?

அதற்குப் பெருந்தொகை தேவையில்லை. சட்டத்தின் 13ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியருக்கும் பயிற்சியில் சொல்லப்பட வேண்டும். உடை மாற்ற, கழிப்பறை செல்லப் பாதுகாப்பான ஓர் அறை பள்ளிதோறும் வேண்டும். மாவட்ட விளையாட்டு அரங்குகளில் திருநர்கள் பயிற்சி பெற வெளிப்படையான அழைப்பு வேண்டும். திருநம்பிகளையும் இதில் மறந்துவிடக் கூடாது. விளையாட்டு விவாதங்களில் அவர்கள் பெயர்கூட எழுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நடையைக் கேலி செய்து ஒரு பிள்ளையை மைதானத்திலிருந்து விரட்டுவது, ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்று பள்ளிகள் எழுதிவைக்க வேண்டும்.

பதக்க மேடையில் யார் நிற்பது என்ற விவாதம் உலக அமைப்புகளிலும் நீதிமன்றங்களிலும் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும், நடக்கட்டும். அந்தத் தீர்ப்புகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை நம் ஊர்ப் பள்ளிகளில் இருக்கிறது. இன்று மாலை ஏதோ ஒரு மைதானத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையை நீட்டியபடி கட்டைக்காகக் காத்து நிற்கும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.